காசிம் பாய் போட்ட மூன்று

போன மாதம் மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளர்களுக்கான உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். எந்தப் படிவத்தை எப்போது நிரப்ப வேண்டும், மாத்திரைப் பெட்டியை எந்தக் குளிரில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சிஸ்டர், இத்தன வருசத்துல நீங்க செஞ்ச பெரிய தப்பு எது?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நானும் சிரித்துக்கொண்டே நழுவிவிட்டேன். நழுவியது சரியில்லை என்று வீடு வந்து சேரும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் பெரிய தப்பு, நோயாளிகளிடம் நான் அளவுக்கு மீறிப் பிரியமாக இருந்தது. தற்பெருமை மாதிரித் தெரியும். முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்போது நான் வார்டு நர்ஸ் வேலையை விட்டு, மதுரை மருத்துவமனை ஒன்றின் மருந்து ஆய்வுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஒன்றில் மருத்துவர் வாரம் இரண்டு நாள் உட்காருவார். இன்னொன்று எனக்கும் மாத்திரைப் பெட்டிகளுக்கும். திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் வரைக்கும் உள்ள ஊர்களில் இருபத்திரண்டு நோயாளிகள் என் பொறுப்பில் இருந்தார்கள்.

சர்க்கரை நோய் முற்றினால் பாதம் எரியும். பார்த்தால் காலில் ஒன்றும் தெரியாது. ஆனால் மிளகாய் வத்தல் காயும் களத்தில் வெறுங்காலோடு நிற்பது மாதிரி இருக்கிறது என்பார்கள். அதற்கு ஒரு புது மாத்திரை. நம் நாட்டுக் கம்பெனி ஒன்று, வெளியே கண்டுபிடித்ததை வாங்கிச் செய்யாமல், தன் சொந்த ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிய மருந்து. நோயாளிகளில் பாதிப் பேருக்கு அந்த மாத்திரை. மீதிப் பாதிக்கு, பார்க்க அதே மாதிரி இருக்கும், உள்ளே மருந்து இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நோயாளிகள் தினமும் சாயங்காலம் ஓர் அட்டையில் எண் போட வேண்டும்; நான் வீட்டுக்குப் போகும் நாளில் நானே கேட்டு எழுதிக்கொள்வேன். எரிச்சலே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லையென்றால் பத்து. கடைசியில் இரண்டு பாதிகளுக்கும் இடையே வித்தியாசம் தெரிந்தால்தான் அது மருந்து.

இருபத்திரண்டு பேரையும் நான் சொந்தக்காரர்கள் மாதிரி வைத்துக்கொண்டேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கே போவேன். தரையில் உட்கார்ந்து காலை மடியில் எடுத்து வைத்துப் பார்ப்பேன். டவுனுக்கு வர முடியாதவர்களுக்கு அளவெடுத்து மெத்தென்ற செருப்பு வாங்கிக் கொண்டுபோவேன். அட்டை போட மறந்துவிடுவார்களே என்று சாயங்காலம் ஒவ்வொருவருக்கும் போன் செய்வேன். மற்ற ஊர்களில் ஆட்கள் பாதியிலேயே ஆய்விலிருந்து நின்றுவிடுவார்கள். ஒருவர் நின்றால் அவருக்குப் பதில் இன்னொருவரைத் தேடி, சோதித்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு மாதத் தாமதமும் கம்பெனிக்குப் பெருஞ்செலவு. என் ஊர்களில் ஒருவர்கூட நிற்கவில்லை. கூட்டங்களில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள்.

ஏழாவது மாதம் சென்னையிலிருந்து கம்பெனி மேடம் போன் செய்தார். அந்த மருந்து ஆய்வுக்கூடத்தில் பெயரில்லாமல் வெறும் எண்ணாக இருந்த நாளிலிருந்து அதோடு இருந்தவர் அவர். ஆய்வு முழுவதும் அவர் பொறுப்பு. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார் என்பதால் மேடம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

"உங்க ஊர்ல எல்லாருக்கும் வலி குறையுது" என்றார்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றேன்.

"எல்லாருக்கும்னு சொன்னேன்மா. பாதிப் பேருக்கு நாம மருந்தே கொடுக்கலையே."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "வியாழக்கிழமை வரேன். நீங்க எப்பவும் போறபடி போங்க. நான் சும்மா கூட வரேன்" என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை வந்தார். கார் ஏற்பாடு செய்கிறேன் என்றதற்கு, "நீங்க எதுல போவீங்களோ அதுல" என்று என்னோடு பஸ்ஸில் ஏறினார். திருச்சுழியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நின்றோம். இரண்டு பக்கமும் கருவேலங்காடும் தரிசுமாக ஓடிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியே பார்த்தபடி, "இந்த மருந்தை ஆரம்பிச்சப்போ என் பையன் மூணாங்கிளாஸ். இப்போ காலேஜ்ல ரெண்டாவது வருஷம்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

வீரசோழனில் காசிம் பாய் வீடு. சவூதியில் நெடுங்காலம் லாரி ஓட்டிவிட்டு வந்து, வீட்டின் முன்பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தார். இரண்டு மகன்களும் அங்கேயே வேலையில் இருந்தார்கள். வீட்டில் அவரும் மனைவி ஜெய்னம்புவும் மட்டும்தான். முதல் நாளிலிருந்தே அவர் என்னைத் தங்கச்சி என்பார். அதனால் அவர் மனைவி எனக்கு மதினி.

"வாங்க தங்கச்சி. இன்னைக்கி ஆளோட வந்திருக்கீக. ஏ ஜெய்னம்பு, டீயப் போடு!"

வழக்கம்போலக் குசலம் விசாரித்தேன். மகன்கள் போன் செய்தார்களா, கடை எப்படிப் போகிறது என்றெல்லாம் கேட்டேன். பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு, எப்போதும் கேட்பது போலவே கேட்டேன்.

"சொல்லுங்க பாய், எவ்வளவு கொறைஞ்சிருக்கு?"

"ஏ… நல்லாக் கொறைஞ்சிருச்சு தங்கச்சி. மூணு. மூணே போட்டுக்கங்க."

மேடம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். உள்அறையிலிருந்து பாய் உட்கார்ந்திருந்த நாற்காலி வரைக்கும் ஈரத் தடம் இருந்தது. நாற்காலிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளி. பாய் காலில் சாக்ஸ் போட்டிருந்தார்.

"பாய், காலைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டார் மேடம்.

"அது நல்லாத்தாம்மா இருக்கு. தொழுகைக்கி கால் கழுவி ஒளு செஞ்சிட்டு இப்பத்தான் சாக்ஸ மாட்டுனேன்."

போன தடவையும் அதைத்தான் சொன்னார். அதற்கு முந்தின தடவையும். நானும் தொழுகைக்குப் போகிற மனிதரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டிருந்தேன். தட்டில் டீத் தம்ளரோடு வந்த மதினி அதைக் கேட்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"காட்டுங்க. இன்னும் எத்தன நாளைக்கி மறைக்கப் போறீக? எரியுது எரியுதுன்னு பொழுதுக்கும் வாளித் தண்ணியில காலப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காகம்மா. சொன்னா எம்மேல எரிஞ்சு விழுகுறாக."

சாக்ஸை நானே கழற்றினேன். ஓயாமல் தண்ணீரில் ஊறிப் பாதம் வெளுத்துப்போயிருந்தது. சுண்டு விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே தோல் பிளந்து புண்ணாகியிருந்தது. நான் வார்டில் இருந்தவள். அந்த வாடை எனக்குத் தெரியும்.

"ஏன் பாய் எங்கிட்டச் சொல்லல?" கோபத்தில்தான் கேட்டேன், குரல் அழுகையாக வந்தது.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "எப்புடித் தங்கச்சி சொல்றது? ரெண்டு பஸ்ஸு மாறி, இந்த வெயில்ல வாரீக. வந்ததும் எவ்வளவு கொறைஞ்சிருக்குன்னு ஆசையாக் கேக்குறீக. மொதவாட்டி எட்டுன்னு உள்ளதச் சொன்னேன். ஒங்க மொகம் சுருங்கிப்போச்சு. அடுத்தவாட்டி ஆறுன்னேன், கொஞ்சம் தெளிஞ்சுச்சு. ஒரு நம்பருதான, போட்டுட்டாப் போகுதுன்னு மூணு போட்டேன். பெத்த புள்ளைக ரெண்டும் அங்கிட்டுக் கெடக்கு. காலத் தொட்டுப் பாக்குற ஆளு நீங்க ஒருத்தருதான்."

எட்டு என்றே தொடர்ந்து அட்டையில் வந்திருந்தால் மருத்துவர் எப்போதோ கூப்பிட்டுப் பார்த்திருப்பார், வேறு மருந்து கொடுத்திருப்பார். மூன்று என்று வந்ததால் யாரும் கூப்பிடவில்லை. என் கேள்விதான் அந்த மூன்றை வரவழைத்தது. எப்படி இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. எவ்வளவு குறைந்திருக்கிறது என்றுதான் கேட்டேன். இருபத்திரண்டு பேரிடமும், ஏழு மாதமும், அதே வார்த்தை.

பாய்க்கு விஷயத்தின் கனம் புரிந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தார். "அந்த அட்டையெல்லாம் கையிலதான இருக்கு? கொண்டாங்க தங்கச்சி. என்னைக்கி எத்தனன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உக்காந்து திருத்திப் போட்டுத் தாரேன். இல்ல, ஒங்க கம்பெனிக்கி எது தோதா இருக்கும்னு சொல்லுங்க, அதவே எழுதிருவோம். ஒங்களுக்கு ஒரு கெட்ட பேரும் வரக் கூடாது."

ஒளிக்காமல் சொல்கிறேன், என் கை பைக்குள் போனது. அட்டைகளை விரல் தொட்டுவிட்டது. அந்த வீட்டில் நாங்கள் நான்கு பேர்தான். நாலு பேரில் யாருக்கும் யாரையும் காட்டிக்கொடுக்கும் எண்ணம் இல்லை.

"வேண்டாம் பாய்" என்றார் மேடம். சத்தம் போடவில்லை. "எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். இப்போ ஒரு வண்டி பிடிக்கணும். இங்க யார்கிட்ட கார் இருக்கு?"

பக்கத்துக் கடைக்காரரின் காரில் பாயை ஏற்றி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்தோம். மருத்துவர் பார்த்துவிட்டு உடனே மதுரைக்கு அனுப்பினார், நாங்களும் கூடவே போனோம். மாத்திரையை அன்றோடு நிறுத்தினார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று அங்கே சொன்னார்கள். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வெசனப்படாதீக, நல்லவேளை இன்னைக்கி வந்தீக" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மேடத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன். அவர் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது.

"இல்ல சார், ஒரு நோயாளியோட நிக்காது… மறுபடி பயிற்சி கொடுத்தோம்னு மட்டும் எழுதிட்டு விட முடியாது… தெரியும் சார், அடுத்த மாசம் போர்டு மீட்டிங்னு தெரியும்… ஆய்வையே மூடினா மூடட்டும். நெறிமுறைக் குழுவுக்கு ரிப்போர்ட் நாளைக்கே போகணும்."

போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எல்லாத்தையும் எழுதுங்க. நீங்க கேட்ட கேள்வியையும், அதே வார்த்தையில."

"என் வேல போயிரும் மேடம்."

"என் மருந்தும் போகலாம்." என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு இந்த மாத்திரை கடைக்கு வந்தா, வாங்குற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நீங்க ரெண்டு பஸ் மாறிப் போகப் போறதில்லை. அவங்க காலை மடியில வச்சுப் பார்க்கப் போறதில்லை. அது தனியா நின்னு வேலை செய்யணும்மா. செய்யுதான்னு தெரியாம எப்படி விக்கிறது?"

என் அறிக்கைக்குக் கீழே அவரும் ஒரு பத்தி சேர்த்தார். நோயாளியிடம் என்ன வார்த்தையில் கேட்க வேண்டும் என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதாமல் விட்டது தன் தவறு, ஒருங்கிணைப்பாளருடையது அல்ல என்று. அது முழு உண்மை இல்லை. பாதி உண்மை. மறுபாதிக்கு அவர் என்னைத் தனியாக ஒன்றரை மணி நேரம் திட்டினார். வேலை போகவில்லை.

அதற்குப் பிறகு கேள்வியை அச்சடித்துக் கொடுத்தார்கள். அதில் உள்ளதைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்கக் கூடாது. எல்லோர் வீட்டுக்கும் திரும்பப் போய், இதுவரை எப்படிப் போட்டீர்கள் என்று விசாரித்தேன். சிலர் பாய் மாதிரியே எனக்காகக் குறைத்துப் போட்டிருந்தார்கள். ஆனால் திருச்சுழியில் இட்லிக் கடை வைத்திருந்த பேச்சியம்மாள் கோபித்துக்கொண்டாள். "நான் எதுக்குப் பொய்யி போடணும்? நெசமாவே கொறைஞ்சுச்சு. நீ வந்து பேசிட்டுப் போனயின்னா ரெண்டு நாளைக்கி எரிச்சலே தெரியாது. அது மாத்திரையா நீயான்னு நான் என்னத்தக் கண்டேன்?"

பாய் போட்டது பிரியத்துக்காக. பேச்சியம்மாளுக்குப் பிரியத்தாலேயே குறைந்திருக்கிறது. அட்டையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மருந்துள்ள பாதியிலும் குறையும், மருந்தில்லாத பாதியிலும் குறையும். நடுவில் இருக்க வேண்டிய வித்தியாசம் மறைந்துபோகும்.

மறைந்துதான் போனது. ஆய்வு முடிந்து பிரித்துப் பார்த்தபோது இரண்டு பாதிகளுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. என் ஊர்களை விலக்கிவிட்டுப் பார்த்தார்கள். அப்போது கொஞ்சம் இருந்தது. ஆனால் அதை நிரூபிக்க மீதிப் பேர் போதவில்லை. மறுபடி முதலிலிருந்து நடத்தலாமா என்று மேடம் கேட்டார். இவ்வளவு செலவை இன்னொரு முறை தாங்க முடியாது என்று கம்பெனி மருந்தையே கைவிட்டுவிட்டது.

அவரை நேரில் பார்த்தபோது கேட்டேன். "என்னாலதான மேடம்?"

"இருக்கலாம்" என்றார். அவர் பூசி மெழுகமாட்டார். "மருந்தே சரியில்லாமலும் இருந்திருக்கலாம். ரெண்டுல எதுன்னு இனிமே தெரியாது. தோத்ததைக்கூடத் தாங்கிக்குவேன், எதுக்குத் தோத்தோம்னு தெரியாமப் போச்சே, அதைத்தான் தாங்க முடியல." சொல்லிவிட்டு எழுந்து முகம் கழுவப் போனார்.

புது மருந்து ஏன் இத்தனை விலை என்று உங்களிடம் ஜனங்கள் கேட்பார்கள். கடைக்கு வந்த மாத்திரையின் விலையில், வராமல் போனவற்றின் செலவும் இருக்கிறது. அதில் சில, மருந்து பலிக்காததால் அல்ல, நம்மைப் போன்ற ஆட்கள் ஒரு கேள்வியைச் சாய்த்துக் கேட்டதால் வராமல் போனவை. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. உங்கள் வேலை சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்பதற்காக.

கடைசியாக, யாருக்கு எந்த மாத்திரை கிடைத்தது என்று வீடு வீடாகச் சொல்லிவர வேண்டியிருந்தது. காசிம் பாய் புண் ஆறி, கடையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கிடைத்தது மருந்தில்லாத மாத்திரை. சொன்னேன். முதலில் சிரித்தார். "வெறும் மாவையா இம்புட்டு நாளும் முழுங்குனேன்?" பிறகு யோசித்தார். மனிதருக்குக் கணக்குச் சட்டென்று விளங்கிவிடும். "அப்ப… மருந்து திங்காத நான் மூணு போட்டதுனாலதான் அந்தம்மாவோட மருந்து எடுபடாமப் போச்சா?"

பொய் சொல்ல நா வரவில்லை. "நீங்க மட்டும் இல்ல பாய். ஆனா அதுவும் ஒரு காரணம்."

மேடத்தின் நம்பரைக் கேட்டு வாங்கி அப்போதே போன் செய்தார். "அம்மா, வீரசோழன் காசிம் பேசுறேன். மாப்புக் கேக்கத்தாம்மா கூப்பிட்டேன். நான் தெரியாம…" அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ கேட்டார்கள். பாய் குனிந்து தன் காலைப் பார்த்தார். "இருக்கும்மா" என்றார். "அஞ்சு வெரலும் இருக்கு." போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

மூன்று வருடம் கழித்து வேறொரு கம்பெனியின் மருந்து, அதே எரிச்சலுக்கு, அதே ஊர்களில். பாய்க்குச் செய்தி எப்படிப் போனதோ, கூப்பிடாமலே அருப்புக்கோட்டைக்கு வந்து மாடி ஏறி, தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இந்தத் தடவை நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான். வீட்டுக்குள் போனதும் அச்சடித்த கேள்வி, அட்டை, பிறகு கால். அது முடியும்வரை ஊர்க்கதை கிடையாது, டீ கிடையாது. முடிந்த பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருவேன். பிரியத்தை நீங்களும் விட்டுவிட வேண்டாம். அதைக் கேள்விக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மருந்தும் பலிக்கவில்லை. ஆனால் ஐந்தாவது மாதமே அது தெளிவாகத் தெரிந்துவிட்டது. யாரும் குழம்பவில்லை. மிச்சமான பணத்தையும் ஆட்களையும் அடுத்த மருந்துக்குத் திருப்பினார்கள். செய்தி கேட்டு மேடம் எனக்குப் போன் செய்து, ஏதோ நான் பரீட்சையில் தேறியது மாதிரி வாழ்த்தினார்.

அந்த ஆய்வில் பாய் வீட்டுக்குப் போன முதல் நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் உள்ளே நுழைந்ததும் பாய் எழுந்து, நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"என்ன பாய் இது?"

"ஒங்க மொகத்தப் பாத்தா வாயில வேற நம்பரு வந்துருது. நீங்க கேளுங்க."

அச்சில் இருந்தபடி கேட்டேன். "இன்று உங்கள் பாத எரிச்சலுக்கு என்ன எண் போடுவீர்கள்?"

"எட்டு."

எழுதினேன். உள்ளேயிருந்து மதினி எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எழுதிட்டீகளா?"

"எழுதிட்டேன் பாய்."

"எத்தன எழுதுனீக?"

"எட்டு."

"அப்பச் சரி" என்று நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். "இப்பச் சொல்லுங்க தங்கச்சி. நல்லா இருக்கீகளா?"